பேப்பர் படிப்பவர் வாளியில் இடறுவது ஏன்?

எங்கள் வீட்டுப் பெரியப்பா காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் நாளிதழை வரி விளம்பரம் வரை விடமாட்டார். பொடி எழுத்தில் வரும் டெண்டர் அறிவிப்பைக்கூட வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்து உள்ளே வரும்போது முற்றத்தில் இருக்கும் வாளியில் இடறுவார். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் நிச்சயம். அத்தையின் கதை நேர்மாறு. அடுப்படிக்குள் பூனை நுழைந்தால் முதலில் விரட்டுவது அவர்தான். ஆனால் எதிரே வந்து நிற்கும் மருமகளைப் பார்த்து, “யாரும்மா, என்ன வேணும்?” என்பார். இருவரைப் பற்றியும் வீட்டில் வெகுநாள் ஒரே தீர்ப்புதான்: “வேணும்னே பண்றாங்க. வேண்டியது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.”

இருவருக்கும் இருப்பது குறைபார்வை. கண்ணாடி போட்டு, மருந்து, அறுவை என்று செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் குறைக்குத்தான் இந்தப் பெயர். “பவரை ஏத்திக்க வேண்டியதுதானே?” என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். கண்ணாடி, வெளிச்சத்தை விழித்திரையில் சரியான இடத்தில் விழச் செய்யும். விழுகிற இடமே பழுதாகிவிட்டால் கண்ணாடி என்ன செய்யும்? சுவர் பெயர்ந்து கிடக்கும்போது புரொஜெக்டரைத் திருகிப் பயன் இல்லை.

அந்த விழித்திரையின் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் குழிவு இருக்கிறது. எழுத்து, முகம், ஊசியின் காது, சட்டைப் பித்தான் எல்லாம் அதன் பொறுப்பு. சுற்றியுள்ள பெரிய பரப்புக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் அசைவைக் கவனிப்பதும், காலடியில் கிடப்பதைச் சொல்வதும், இருட்டில் வழி காட்டுவதும் அதுதான். அத்தைக்கு இருபது வருடச் சர்க்கரை நடுப்பகுதியைக் கெடுத்துவிட்டது. ஓரம் நன்றாக இருக்கிறது. அதனால் பூனை தெரியும், முகம் தெரியாது. பெரியப்பாவுக்கு இருப்பது பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு. உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது; சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் முதலில் சாகும். அதனால் இளவயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பிறகு ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் பேப்பர் அடங்கிவிடும். வாளி அடங்காது.

இதில் பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்வை சுருங்கியவருக்குச் சுற்றிலும் கறுப்புத் திரை தொங்குவதில்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்குக் கறுப்பாகவா தெரிகிறது? தெரிவதே இல்லை, அவ்வளவுதான். தெரியாத இடத்தை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிவிடும். பெரியப்பாவுக்கு வாளி இருக்கும் இடத்திலும் சிமெண்டுத் தரைதான் தெரிகிறது. சந்தேகம் வந்தால்தானே குனிந்து பார்ப்பார்? கண் அழுத்த நோய் பல வருடம் சத்தம் காட்டாமல் ஓரப்பார்வையைத் தின்றுகொண்டே போவதற்கும் இதுவே காரணம்.

சட்டம் இதை எப்படி அளக்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறைபார்வையையும் பார்வையின்மையையும் தனித்தனியாக வரையறுக்கிறது. இரண்டில் மேலான கண்ணில், கண்ணாடி போட்ட பிறகு, 6/18க்குக் கீழே தொடங்கி 3/60 வரை இருந்தால் குறைபார்வை. அதற்கும் கீழே போனால் பார்வையின்மை. 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார் என்று பொருள். மருத்துவமனை அட்டையின் உச்சியில் தனியாக நிற்கும் அந்தப் பெரிய எழுத்தின் உயரம் சுமார் 8.7 சென்டிமீட்டர்.

பார்வையின் பரப்புக்கும் கணக்கு உண்டு. அது 40 பாகைக்குக் குறைவாகவும் 10 பாகை வரையிலும் இருந்தால் குறைபார்வை. பாகை என்றதும் மிரள வேண்டாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். உங்கள் கண்ணுக்கு அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதைவிடச் சிறிய வட்டம்தான் தெரிகிறது என்றால், அட்டையின் கடைசி வரி வரை படித்தாலும் சட்டப்படி அவர் பார்வையற்றவர். தெரு முழுவதும் அந்த முஷ்டிக்குள்தான். அதை வைத்துக்கொண்டு வண்டி, குழி, மாடு, தெரிந்தவர் முகம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டும். சாயங்காலம் பெரியப்பா சோர்ந்துபோய் உட்கார்ந்தால் நாங்கள் வயது என்று நினைத்தோம். நாள் முழுக்கக் கண்ணால் தரையைத் துழாவுவதும் கூலி வேலைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிச்சமே தெரியாதவருக்கும் கண்ணாடி போட்டும் மங்கலாகத் தெரிபவருக்கும் ஒரே குறியீட்டு எண்தான். “பார்வையில்” குறை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரும் அப்படித்தான் பார்க்கிறது: ஒன்று தெரியும், இல்லை தெரியாது. ஆனால் குறைபார்வை உள்ளவருக்குத் தெரிவதும் தெரியாததும் நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறும். வெளிச்சம், நிற வேறுபாடு, தூரம், களைப்பு ஆகிய நாலும் சேர்ந்துதான் அந்த நிமிடத்துப் பார்வையைத் தீர்மானிக்கின்றன. அத்தைக்கு இன்னொன்றும் உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கூடவே மாறும். நேற்றுப் படித்த காலண்டரை இன்று படிக்க முடியவில்லை என்றால் அது பொய் இல்லை.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேருகிறது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. நோய் ஏதும் இல்லாதவருக்கே இந்தக் கதி. நம் வீடுகளிலோ சுவரின் உச்சியில் ஒரு ட்யூப்லைட், அதற்கு நேர் கீழே பீரோ, அதன் நிழலில் நாற்காலி. விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். தோளுக்குப் பின்னாலிருந்து, கண்ணில் அடிக்காமல், தாளின்மேல் விழும்படி ஒரு மேசை விளக்கு வைத்ததும் அத்தை பஞ்சாங்கத்தின் பெரிய எழுத்துகளைப் படித்தார். அதற்கு முன் இரண்டு முறை கண்ணாடி மாற்றிச் செலவழித்திருந்தோம்.

அதே வெளிச்சம் எதிரே இருந்து வந்தால் எதிரி. சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் வெறும் நிழலுருவம். வெயிலில் இருந்து மளிகைக் கடைக்குள் நுழைந்தால் சில நிமிடம் ஒன்றுமே தெரியாது. இரவில் எதிரே வரும் பைக்குகளின் எல்இடி விளக்கு ஊசி மாதிரி குத்தும். விளிம்புள்ள தொப்பி, மஞ்சள் அல்லது தேன் நிறக் கண்ணாடி இவை பலருக்கு உதவுகின்றன. “பகல்ல என்ன ஸ்டைலா கூலிங் கிளாஸு?” என்ற கேள்வியும் கூடவே கிடைக்கும்.

நிற வேறுபாடு என்பது இன்னும் நுட்பமான விஷயம். எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைக்கிறோம். சாம்பல் நிறப் பின்னணியில் வெளிர்நீலத்தில் எவ்வளவு பெரிதாக அடித்தாலும் தெரியாது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு, அதன்மேல் மோர், ஓரத்தில் தேங்காய்ச் சட்னி, மேலே விளக்கின் பிரதிபலிப்பு. கை தடவித்தான் சாப்பிட வேண்டும். அதையே வாழையிலையில் போடுங்கள். பச்சையின்மேல் வெள்ளை பளிச்சென்று நிற்கும். நம் ஊரில் கிடைக்கும் மிக மலிவான குறைபார்வைக் கருவி வாழையிலை என்பது என் கட்சி. இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றது வரிசையாக வரும்: பால் ஊற்ற அடர்நிற டம்ளர், டிகாக்‌ஷனுக்கு வெள்ளை டம்ளர், வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை, அரிசியில் கல் பொறுக்கக் கல்லின் நிறத்துக்கு எதிர்நிறத்தில் ஒரு துணி.

சமையலறையில் கண்ணைவிடக் காது வேலை செய்யும் நேரம் அதிகம். பகல் வெளிச்சத்தில் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் இருப்பதே தெரியாது. உஸ் என்ற சத்தமும் கையில் படும் அனலும்தான் சாட்சி. கடுகு வெடிப்பது கேட்கும். எண்ணெய் காய்ந்ததா என்பது நாலு கடுகைப் போட்டால் தெரியும். உப்பும் சர்க்கரையும் ரவையும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்தால் அன்றைக்கு விபரீதம். அத்தை உப்பை ஜாடியில், சர்க்கரையை டப்பாவில் வைத்தார். அதை யாராவது ‘ஒழுங்குபடுத்தினால்’ வீட்டில் சண்டை. குறைபார்வை உள்ளவர் வீட்டில் பொருளை இடம் மாற்றி வைப்பது, நம் வீட்டு விளக்கை அணைப்பதற்குச் சமம்.

சிரித்துக் கடக்க முடியாதது மருந்து விஷயம். வெள்ளிப் படலத்தில் பொடி எழுத்து. அதுவும் வளைந்து, மினுங்கி. இன்சுலின் ஊசியில் இருக்கும் கோடுகள் முடி அளவு. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 அலகு மருந்தும் 100 அலகு மருந்தும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஊசி வேறு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும். பார்வை குறைந்த சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் பேனாவுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. அதில் திருகும்போது ஒவ்வோர் அலகுக்கும் ஒரு ‘டிக்’ கேட்கும். சொட்டு மருந்துப் பாட்டில்களுக்கு எங்கள் வீட்டு வழி ரப்பர் பேண்டு: காலை மருந்துக்கு ஒன்று, இரவு மருந்துக்கு இரண்டு.

படிப்பைப் பற்றிப் பேசினால் நம் எழுத்தைப் பற்றியும் பேச வேண்டும். தமிழில் பொருளையே மாற்றிவிடும் உறுப்புகள் பல மிகச் சிறியவை. ‘பல’வுக்கும் ‘பல்’லுக்கும் நடுவே ஒரு புள்ளிதான். மங்கிய கண்ணுக்கு முதலில் மறைவது அந்தப் புள்ளி. ‘கெடு’, ‘கேடு’ இரண்டுக்கும் வித்தியாசம் கொம்பின் தலையில் ஒரு சுழி. ‘எ’, ‘ஏ’ காலடியில் ஒரு கீற்று. ‘ன’, ‘ண’ சுழிகளின் எண்ணிக்கை. அனுபவசாலி வாசகர் சொல்லின் உருவத்தையும் வாக்கியத்தையும் வைத்து ஊகித்துவிடுவார். ஆனால் ஊர்ப்பெயர், ஆள் பெயர், விலாசம் இவற்றை ஊகிக்க முடியாது. எண்கள் அதைவிட மோசம்: 3, 6, 8 மூன்றும் ஒரே உருண்டை. அழகுக்காக மெலிந்த எழுத்துருவில் அழைப்பிதழ் அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

குழந்தை புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் “தள்ளிப் பிடி, கண் கெட்டுப்போகும்” என்று அதட்டுகிறோம். குறைபார்வை உள்ள குழந்தைக்கு அதுதான் முதல் பூதக்கண்ணாடி. 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அதன் உருவம் நான்கு மடங்கு பெரிதாகும். பணம் செலவில்லை, கண்ணும் கெடாது. கழுத்துதான் வலிக்கும், அதற்குச் சாய்வுமேசை போதும். சில குழந்தைகள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அது திமிர் இல்லை. நடுப்பகுதி பழுதானதால் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இதைப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். குறைபார்வை உள்ள மாணவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம். “மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம்” என்று முணுமுணுப்பவர்கள், ஒரு பக்கத்தை நாலைந்து எழுத்தாகத் துண்டுபோட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

ஏனென்றால் உருப்பெருக்கி என்பதும் இலவசமாக எதையும் தருவதில்லை. எவ்வளவு பெரிதாக்குகிறதோ அவ்வளவு பக்கத்தில் பிடிக்க வேண்டும். அவ்வளவு சின்ன இடம்தான் தெரியும். 20 டயாப்டர் லென்ஸ் என்றால் தாளிலிருந்து 5 சென்டிமீட்டர். கையில் நடுக்கம் இருந்தால் அதுவும் போச்சு. சந்தையில் கிடைக்கும் பெரிய வட்டக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டு “இதுவும் சரியில்லைங்கறாரு” என்று சலிப்பவர்கள் நிறைய. எந்த வேலைக்கு எந்த லென்ஸ் என்று பார்த்துச் சொல்லத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், 1978இல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவிலும் குறைபார்வைப் பிரிவு உண்டு. “இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல” என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது நோயைப் பற்றிய பேச்சு. மிச்சம் இருக்கும் பார்வையை வைத்து என்ன செய்யலாம் என்பது அதற்குப் பிறகு ஆரம்பிக்கும் பேச்சு. அந்த இடைவெளியில் சில வருடங்களைத் தொலைத்தவர்களில் நாங்களும் உண்டு.

இனி வாசலைத் தாண்டுவோம். பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்குப் பலகையைப் படிக்கக் கிடைப்பது சில விநாடிகள். பலகைமேல் வெயில் அடித்தால் அதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம், “தம்பி, இது எங்க போற பஸ்ஸுப்பா?” என்று கேட்டால், “மேல எழுதியிருக்குல்ல?” பார்த்தால் குறை தெரியாத கண் என்பதால் வரும் பதில் இது. சிலர் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு அது எப்படி இருக்கும் என்று பெரியப்பாவைக் கேட்க வேண்டும்.

படி ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஏறும்போது படியின் முகப்பு தெரியும். இறங்கும்போது எல்லாப் படியும் சேர்ந்து ஒரே சரிவு. மொசைக், கிரானைட் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பட்டை ஒன்று தீட்டினால் தீர்ந்தது. மரநிழல் பள்ளமாகத் தெரியும். பள்ளம் நிழலாகத் தெரியும். நடைமேடைகளில் பார்க்கிறோமே, புடைப்பு வைத்த மஞ்சள் ஓடு. ஜப்பானில் செய்யிச்சி மியாகே உருவாக்கி 1967இல் ஒகயாமா நகரத்தில் முதலில் பதித்தது. கோலுக்கும் காலுக்கும் புடைப்பு, குறைபார்வைக்கு அந்த மஞ்சள். தரையோடு ‘மேட்ச்’ ஆக வேண்டும் என்று சாம்பல் நிறத்தில் பதிக்கும் கட்டடக்காரர்கள் பாதிப் பயனைக் கழித்துவிடுகிறார்கள். மீதிப் பாதியின்மேல் பைக் நிற்கிறது.

பணம் தனிக் கதை. இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் உயரம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. ஒன்றுக்கொன்று நாலே மில்லிமீட்டர். தனியாக ஒரு நோட்டைக் கையில் கொடுத்து அளவை வைத்துச் சொல் என்றால் யாரால் முடியும்? ஓரத்தில் புடைத்த சாய்கோடுகள் உண்டு: நூறில் நாலு, இருநூறில் நாலு கோட்டுக்கு நடுவே இரண்டு வட்டம், ஐந்நூறில் ஐந்து. புது நோட்டில் விரலுக்குத் தெரியும். மீன் மார்க்கெட் சுற்றி வந்த நோட்டில் தேய்ந்துவிடும். அந்திநேரத்தில் இருபதும் இருநூறும் மஞ்சளாக மயக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. நோட்டை கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் தேவையில்லை. ஆனால் கூட்டமான கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது அதைச் செய்யத் தனித் தைரியம் வேண்டும். இதைவிடப் பெரிய உதவி, யாரும் நினைத்துச் செய்யாத ஒன்று. கடைக்காரருக்காக வந்த அந்தப் பேசும் பெட்டி, கைபேசி வழியாக எவ்வளவு பணம் வந்தது என்று தமிழில் உரக்கச் சொல்கிறதே, அது கொடுத்தவருக்கும் உறுதி சொல்கிறது.

கைபேசி பலருக்குக் கண்ணாகவே ஆகிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கலாம், கறுப்பில் வெள்ளையாக மாற்றலாம், திரையை வாசிக்கச் சொல்லலாம். கோணல்மாணலான எழுத்தைக் காட்டி “நீ மனிதன்தானே, நிரூபி” என்று கேட்கும் இணையதளங்கள் மட்டும் இன்னும் திருந்தவில்லை.

எல்லாவற்றையும்விட அத்தையை வாட்டியது முகம். கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரித்தவரைக் கவனிக்காமல் கடந்துவிட்டார். “பணம் வந்ததும் கண்ணு தெரியல போல” என்று பேச்சு. அதன்பிறகு விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். “என்னைத் தெரியுதா, சொல்லுங்க பார்ப்போம்” என்று முன்னால் நின்று சோதிப்பவர்கள் வேறு. “நான் ராஜபாளையத்துக்காரர் மக வந்திருக்கேன் அத்தை” என்று பெயரையோ ஊரையோ சொல்லிக்கொண்டு வந்தால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மாலையில் முற்றத்தில் பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியுமாம். சத்தம் இல்லை, பேச்சு இல்லை. விஷயம் தெரிந்ததும் கயிறு மந்திரித்துக் கட்டினோம். பிறகுதான் கண் மருத்துவர் சொன்னார்: பார்வை குறைந்தவர்களுக்கு இப்படித் தெரிவது உண்டு, கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் சார்லஸ் பொனே 1760இல் தன் தாத்தாவுக்குத் தெரிந்த உருவங்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. மனநோய் இல்லை, பேயும் இல்லை என்று கேட்டதும் அத்தைக்குப் பாதி பாரம் இறங்கியது. “அப்ப அந்தப் புள்ளைங்க இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

பெரியப்பா கோலை எடுக்க ஐந்து வருடம் ஆனது. கோல் எடுத்தால் பார்வை இல்லாதவர் என்பார்கள். எடுக்காவிட்டால் குடித்திருக்கிறார் என்பார்கள். இரண்டாவது பேச்சு காதில் விழுந்த பிறகுதான் வெள்ளைக்கோல் வாங்கினார். இப்போது புதுப் பிரச்சினை. கையில் கோலோடு பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால், “பாரு, நடிக்கிறான்” என்று பின்சீட்டில் குசுகுசுப்பு. மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துக் காட்டலாம்தான். அவர் காட்டுவதில்லை. விளையாட்டுப் பக்கம் வரை படித்துவிட்டு, மடித்துவைத்து, கோலைத் தட்டிக்கொண்டு இறங்குகிறார்.

வீட்டில் வாளி குழாயடியைவிட்டு நகர்வதில்லை. கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், அல்லது முழுக்க மூடியிருக்கும். பாதி திறந்த கதவு நெற்றியைப் பதம் பார்த்த பிறகு வந்த சட்டம் அது. பேரன் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.